எங்கே இறுக்குவது, எங்கே தளர்த்துவது: ஒளிப்படக்காரரின் வேலைமுறை

சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரம், கரைவெட்டி ஏரிக்குக் குளிர்காலத்தில் வந்திறங்கும் வாத்துக்கூட்டம், கங்கைகொண்ட சோழபுரத்துச் சிற்பங்கள், அரியலூரைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் உள்ள இந்த நான்கும் கேமராவிடம் நான்கு வெவ்வேறு வேலைகளைக் கேட்கின்றன. இவற்றைத் தொடர்ந்து படமெடுக்கும் எவருக்கும் சீக்கிரமே ஒரு சொந்த வேலைமுறை தேவைப்பட்டுவிடும். எந்த அமைப்பில் எடுப்பது, எதைக் கழிப்பது, எப்படித் திருத்துவது, எங்கே சேமிப்பது என்பதையெல்லாம் ஒவ்வொரு முறையும் புதிதாக யோசித்துக்கொண்டிருக்க முடியாது.

இப்படி வகுத்துக்கொள்ளும் ஒழுங்கு நன்மையும் செய்கிறது, கெடுதலும் செய்கிறது. என் கருத்து இதுதான்: எடுக்கும் முனையிலும் சேமிக்கும் முனையிலும் அது எவ்வளவு கறாராக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. நடுவிலுள்ள எடிட்டிங்கில் அதே கறார் படத்தைக் கெடுத்துவிடும். நடைமுறையில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எடுப்பதைக் கேமராவின் ஆட்டோவிடமும், சேமிப்பதை அதிர்ஷ்டத்திடமும் விட்டுவிட்டு, எடிட்டிங்கை மட்டும் ஒரே பிரீசெட்டில், அதாவது முன்கூட்டியே சேமித்த திருத்தத் தொகுப்பில், பூட்டி வைக்கிறார்கள்.

முதலில் எடுக்கும் முனை. சாத்தனூர் கல்மரப் பூங்காவில் கிடக்கும் அடிமரம் சுமார் 18 மீட்டர் நீளம். ஒரு முனையில் நின்று எடுத்தால் மறுமுனை குச்சியாகச் சுருங்கும். வைடு லென்ஸ் போட்டால் அருகிலுள்ள பகுதி ஊதிப் பெருக்கும். மரத்தின் உண்மையான நீளத்தையும் பருமனையும் காட்ட வேண்டுமென்றால் அதற்கு இணையாக நடந்து, ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில், ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் மூன்றிலொரு பங்கை மீண்டும் உள்ளடக்குமாறு எடுத்து, பிறகு கணினியில் ஒட்ட வேண்டும். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூன்றும் மேனுவலில் இருந்தாக வேண்டும். ஆட்டோவில் விட்டால் வெயில்பட்ட தரை கொஞ்சம் அதிகமாக உள்ளே வந்த படத்தில் மரம் கருக்கும், நிழல் கூடிய படத்தில் வெளுக்கும். ஒட்டிய இடமெல்லாம் பட்டை பட்டையாகத் தெரியும்.

இந்த ஒழுங்கு டிஜிட்டல் காலத்துக் கண்டுபிடிப்பும் அல்ல. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டிக் கிட்டத்தட்ட ஆறு மீட்டர் நீளச் சுருளாக்கினார். கையில் இருந்தது மெழுகு பூசிய காகித நெகட்டிவ். எடுக்கும்போதே முறை தவறியிருந்தால் பின்னால் சரிசெய்வது அவருக்கு எளிதாக இருந்திருக்காது. அந்த நெருக்கடி நமக்கு இல்லாததால்தான் எடுக்கும் முனையை நாம் அலட்சியப்படுத்துகிறோம்.

கரைவெட்டியில் அந்த அலட்சியத்துக்கு உடனே விலை கொடுக்க நேரிடும். 2024 ஜனவரியில் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த இந்த ஏரிக்கு, இமயத்தைத் தாண்டிப் பட்டைத்தலை வாத்து வருகிறது. வெள்ளைத் தலை, அதில் இரண்டு கருப்புப் பட்டைகள், பின்னால் இருண்ட நீர். கேமராவின் மீட்டர் அந்த நீரைப் பார்த்துவிட்டு மொத்தப் படத்தையும் வெளிச்சமாக்க முயலும். விளைவு, தலையின் வெள்ளையில் இறகின் நுணுக்கம் முழுதும் கரைந்துபோகும். ‘ரா’வில்தான் (சென்சாரின் மூலத் தரவாகத்தான்) எடுத்திருக்கிறேன், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை இங்கே பலிக்காது. ஜேபெக் கோப்பு ஒரு வண்ணத்துக்கு 256 படிகளையும், 14 பிட் ரா கோப்பு 16,384 படிகளையும் வைத்திருக்கும் என்பது உண்மை. ஆனால் சென்சாரே நிரம்பி வழிந்துவிட்ட வெண்மையை எந்தக் கோப்பும் திருப்பித் தராது. முதல் சில படங்களுக்குப் பிறகு வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்து, வலது ஓரம் முட்டினால் எக்ஸ்போஷரைக் குறைப்பது என்ற சிறு பழக்கம், பிற்பாடு செய்யும் எந்த மென்பொருள் வித்தையையும்விடப் பெரியது. பறவை எழும்பும் நொடியில் யோசிக்க நேரம் இருக்காது. கை தானாகச் செய்ய வேண்டும். வேலைமுறையின் பெரிய பலமே இதுதான்: யோசனையை வேண்டிய இடத்துக்கு மிச்சப்படுத்தித் தருகிறது.

இப்போது நடுப்பகுதி. கங்கைகொண்ட சோழபுரம் 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோயில். தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருப்பதால் முக்காலி நிறுத்த முன் அனுமதி வேண்டும்; பெரும்பாலும் கையில் பிடித்தே எடுக்கிறோம். ஊர் சுமார் 11 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். அப்போது வடக்குச் சுவரில் வெயில் மேலிருந்து உரசி இறங்கி, ஒவ்வொரு பிதுக்கத்தின் கீழும் நீண்ட நிழலைப் போடும். மார்கழி, தையில் அதே சுவர் நண்பகலிலும் நிழலில் இருக்கும். வானத்தின் நீலம்தான் அதற்கு வெளிச்சம். இரண்டு பருவப் படங்களுக்கும் ஒரே ‘வார்ம்’ பிரீசெட்டைப் போட்டால் வெயிற்படம் எரியும், நிழற்படம் செம்மண் பூசியதுபோல் ஆகும். இரண்டிலும் காணாமல் போவது அந்தக் கல்லின் நிறம்.

வடபுற வாயிலருகே உள்ள சண்டேச அனுக்கிரக மூர்த்தியை உற்றுப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். சிவன் மலர்மாலையைச் சண்டேசர் தலையில் சுற்றுகிறார். சண்டேசர் கைகூப்பிக் குனிந்திருக்கிறார். சுற்றும் கைக்கும் தலைக்கும் நடுவே ஒரு மெல்லிய நிழல் இருக்கிறது. மாலை இப்போதுதான் தலையில் படிகிறது என்பதை நமக்குச் சொல்வது அந்த நிழல். ‘ஷேடோ’ ஸ்லைடரை வலப்பக்கம் கடைசிவரை தள்ளினால் அது மறையும், கையும் தலையும் ஒரே தளத்தில் ஒட்டிக்கொள்ளும். ‘கிளாரிட்டி’யை ஏற்றினால் கல்லின் பொரிபொரிப்பு முன்னுக்கு வந்து முகத்தின் கனிவை விழுங்கும். பறவைப் படத்தில் இறகைத் துலக்கிக் காட்டிய அதே அமைப்பு இங்கே சிற்பியின் வேலையை அழிக்கிறது. எடிட்டிங்கில் ஒவ்வொரு படமும் தனி முடிவைக் கேட்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் லாரிகளின் சாலையில் இந்தக் கேள்வி அறம் சார்ந்ததாக மாறுகிறது. லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் 2015இல் ‘டிஹேஸ்’ என்ற வசதி வந்தது. மங்கலை நீக்கித் தூரத்துக் காட்சியைத் துலக்கும். கொல்லிமலைப் பனிமூட்டத்துக்கு அது உதவலாம். ஆனால் சாலையோரப் பயிரின் மேல் படிந்து காற்றில் தொங்கும் தூசியை எடுத்த படத்தில் அதைப் போட்டால், அந்த ஊர்க்காரர் அன்றாடம் சுவாசிக்கும் உண்மையையே அழித்துவிடுகிறோம். பிரீசெட்டில் டிஹேஸ் சேர்ந்திருந்தால், அழித்தது நமக்கே தெரியாமல் போகும். 2016இல் ஒளிப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரியின் படங்களில் ஆட்களும் பொருள்களும் நீக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டபோது உலகம் முழுவதும் விவாதம் எழுந்தது. யாரும் கவனிக்காத ஸ்லைடர்களும் அதே வகை நீக்கத்தைச் சத்தமின்றிச் செய்யக்கூடியவை.

நம் ஊர்க் கல்யாண ஸ்டுடியோக்களிலும் இதைப் பார்க்கிறோம். ஒரு முகூர்த்தத்துக்கு ஆயிரக்கணக்கில் படம். ஆல்பம் சீக்கிரம் கேட்பார்கள். அடுத்த முகூர்த்தம் வாசலில் நிற்கும். கரெக்‌ஷன் மொத்தமாக ஓடுவதில் வியப்பில்லை, அதைக் குறைசொல்வது நியாயமும் அல்ல. ஆனால் அந்தத் தொகுப்பில் முகத்தை வெளுப்பாக்கும் படி நிரந்தரமாக உட்கார்ந்திருந்தால், மாநிறப் பெண்ணுக்குத் தன் கல்யாண ஆல்பத்தில் தன் நிறமே கிடைக்காது. இதை யாரும் தனியாக யோசித்து முடிவெடுப்பதில்லை, வழக்கம் முடிவெடுக்கிறது. முடிவுகள் கண்ணில் படாமல் போவதுதான் வேலைமுறையின் பெரிய குறை.

இதற்கு எதிர்வாதம் உண்டு. ஒருவருடைய படங்களுக்கு ஒரு முகம் வேண்டாமா, அது சீரான எடிட்டிங்கில் இருந்துதானே வருகிறது என்பார்கள். இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) கருப்பு வெள்ளையிலேயே நின்றவர். பல கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்ட கேமராவில் காட்டுயிர்களை எடுத்தவர். அவர் படங்களுக்கு ஒரு முகம் இருந்தது. ஆனால் அது விலங்கை எவ்வளவு பொறுமையாகப் பார்த்தார் என்பதிலிருந்து வந்தது. எவரும் விலைக்கு வாங்கிப் போட்டுக்கொள்ளும் பிரீசெட் ஒருவரின் முகமாக ஆக முடியாது. லென்ஸ் வளைவு, சென்சார் இரைச்சல் போன்ற இயந்திரக் குறைகளுக்குத் தானியங்கி அமைப்பு தாராளமாக இருக்கட்டும். ஒளி, நிழல், நிறம் ஆகியவற்றைக் கண்தான் முடிவு செய்ய வேண்டும்.

கடைசி முனை, சேமிப்பு. அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. அம்மோனைட் ஓடு ஒன்று எந்த ஊரில், எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்ற குறிப்பு போய்விட்டால் ஆய்வாளருக்கு அதன் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும். படத்துக்கும் இதே விதிதான். அன்றிரவே இடம், தேதி, பொருள் மூன்றையும் கோப்பின் தகவல் பகுதியில் எழுதிவிட வேண்டும். ரா கோப்பைத் தொடக் கூடாது; லைட்ரூமோ, இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிளோ, திருத்தங்களைத் தனியாகவே குறித்துக்கொள்ளும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்ற பழைய விதி அலுப்பூட்டும்தான். ஆனால் இதில் கறார் காட்டுவதால் யாருடைய கலையும் குறைந்துபோவதில்லை.

இங்கே நிலக்காட்சி வேகமாக மாறுகிறது. சுரங்கம் விரிகிறது, ஏரியின் நீர் ஆண்டுக்காண்டு ஏறி இறங்குகிறது. இடமும் தேதியும் எழுதி, ஒளி வழியாமல் எடுத்து, தொடாமல் வைத்த ஒரு ரா கோப்பை இருபது ஆண்டு கழித்து வேறொருவர் வேறு கண்ணோடு திறந்து திருத்தலாம். நாம் கவனிக்காததை அதில் காணலாம். வெளுத்துப்போன ஜேபெக்கில் அந்த வாய்ப்பே இல்லை. நடுவிலே சுதந்திரம் வேண்டுமென்றால், அதை இரு முனைகளின் கறார்தான் வாங்கித் தரும். புதிதாக வேலைமுறை வகுப்பவர் பிரீசெட் தேடுவதைத் தள்ளிவைத்துவிட்டு, ஹிஸ்டோகிராமிலும் குறிப்பெழுதுவதிலும் தொடங்கட்டும்.