சாம்பல் சாம்பலாகவே தெரிய

கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கறுப்பு மை ஒன்று போதாதா? போதாது. கறுப்பை மட்டும் தெளித்தால் வானம், கன்னம் போன்ற வெளிர் இடங்களில் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதைத் தவிர்க்கத்தான் சாதாரண கலர் இங்க்ஜெட் பிரிண்டர் சியான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்து சாம்பல் நிறத்தை ஒப்பேற்றுகிறது. இந்த ஒப்பேற்றலைக் கண்டுபிடிக்கக் கண் பழகிவிட்டால், மை தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை முடிந்தது.

முதலில் லென்ஸ். தபால்தலை பார்க்கும் லென்ஸை, படத்தில் இருப்பவரின் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். நீலமும் ரோஸுமாகப் புள்ளிகள் மொய்த்தால் அது கலவைச் சாம்பல். சாம்பல் புள்ளிகளே நிறைந்திருந்தால், பிரிண்டரில் தனியாகச் சாம்பல் மை இருக்கிறது.

அடுத்து வெளிச்சம். அதே பிரிண்டை ஜன்னலோரம் பாருங்கள். பிறகு குண்டு பல்பின் கீழ். கலவைச் சாம்பல் விளக்குக்கு விளக்கு நிறம் மாறும். 2000-ல் வந்த எப்சன் ஸ்டைலஸ் ஃபோட்டோ 2000பி இதற்குப் பேர்போனது. பகல் வெளிச்சத்தில் அதன் படங்கள் பச்சையடித்தன. 2002-ல் வந்த 2200 மாடலில் லைட் பிளாக் என்ற சாம்பல் மை சேர்ந்தது. 2005-ல் ஆர்2400 மாடலின் கே3 மைகளில் லைட் லைட் பிளாக்கும் சேர, கறுப்பு மூன்று அடர்த்திகளில் கிடைத்தது. பச்சை பெருமளவு அடங்கியது.

ஆனால் சாம்பல் மையிலும் ஒரு சங்கதி உண்டு. பிக்மென்ட் கறுப்பு, அதாவது துகள்களாலான கறுப்பு மை, அடிப்படையில் கரி. கரியை நீர்க்க வைத்தால் பழுப்புத் தட்டும். அதைச் சமன்செய்யத் துளி நீலச்சாயல் சேர்த்தால்தான் நியூட்ரல் சாம்பல் கிடைக்கும். கரியை மட்டும் நம்பினால் படம் நெடுங்காலம் மங்காது. ஆனால் பழுப்பை ஏற்றுக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ஜான் கோன் உருவாக்கிய பீசோகிராஃபி, கலர் மைகளை எடுத்துவிட்டுப் பல அடர்த்திகளில் கறுப்பை மட்டுமே நிரப்பும் முறை. கரிப் பழுப்பு முதல் நியூட்ரல் வரை அதில் தேர்வு உண்டு. அப்படி மாற்றிய பிரிண்டரில் கலர் படம் போட முடியாது.

மூன்றாவது சோதனை, படிவரிசை. வெள்ளையிலிருந்து கறுப்பு வரை 21 கட்டங்களை அச்சிடுங்கள். நடுக்கட்டங்கள் சுத்தமாக இருந்து, இருண்ட கட்டங்கள் மட்டும் பச்சை தட்டினால் அந்த மை தேறாது. பளபளப்புத் தாளென்றால் சாய்த்தும் பாருங்கள். நிழல் பகுதியில் செம்பு மினுமினுப்பு வரக்கூடாது.

தாளையும் மறக்க வேண்டாம். பருத்தி மேட் தாளுக்கு மேட் பிளாக், பரைட்டா போன்ற பளபளப்புத் தாளுக்கு ஃபோட்டோ பிளாக். மாற்றிப் போட்டால் மேட் பிளாக் பளபளப்பில் ஒட்டாமல் ஈஷும். ஃபோட்டோ பிளாக் மேட்டில் வெளுக்கும். நியூட்ரல் மை வாங்கிவிட்டு, வெண்மைக்காக ஒளிரூட்டி சேர்த்த தாளில் போட்டால், பகல் வெளிச்சத்தில் வெள்ளை நீலம் பாரிக்கும். பழி மையின் மேல் விழும்.

புதிதாக பிரிண்டர் வாங்குபவர்களுக்கு ஒரே அறிவுரை: கறுப்பு தவிர, குறைந்தது இரண்டு சாம்பல் மைகளாவது இருக்கிறதா என்று பாருங்கள். லேபில் கொடுப்பவர்கள், முதலில் சிறிய துண்டு ஒன்றைப் போட்டு வாங்கி, படம் மாட்டப்போகும் சுவரின் வெளிச்சத்திலேயே வைத்துப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.