மஞ்சக் காவியும் விளக்குக் கரியும்: ஒரு பழைய விமான கிட் விமர்சனம்

போன மாதம் காந்தி மார்க்கெட் பக்கம், வெள்ளையடிக்கிற சாமான் விற்கும் ஒரு கடையில் ஐம்பது கிராம் மஞ்சக் காவி கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அம்பது கிராமா? எந்தச் செவுத்துக்கு சார்?”

“செவுத்துக்கு இல்லண்ணே. ஏரோப்ளேனுக்கு.”

“அப்ப அதுவே ஜாஸ்தி” என்று சிரித்தபடி பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

அவர் சொன்னது சரிதான். என் ஏரோப்ளேன் உள்ளங்கையில் அடங்கிவிடும். முதல் உலகப்போரின் பிரிட்டிஷ் இரட்டை இறக்கை விமானமான எஸ்.இ.5ஏ, 1/72 அளவில். அச்சு 1960-களைச் சேர்ந்தது, எனக்குக் கிடைத்தது செகண்ட் ஹேண்ட் பெட்டி. கட்டி, பெயிண்ட் அடித்து முடிக்க ஐந்து வாரம் ஆனது. இது அந்த கிட் பற்றிய விமர்சனம். கூடவே, இந்த மாதிரிப் பெட்டிகள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பது பற்றியும் கொஞ்சம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அளவு சுத்தம். அசல் விமானத்தின் இறக்கை நீளம் 8.11 மீட்டர். 72-ஆல் வகுத்தால் 11.26 சென்டிமீட்டர். கிட்டில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், 11.2 வந்தது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் கையால் வெட்டிய அச்சுக்கு இது நல்ல மார்க். கார் ரேடியேட்டர் மாதிரி சப்பையான மூக்கும் சரியாக வந்திருக்கிறது. எஸ்.இ.5ஏ-யை தூரத்திலிருந்து அடையாளம் காட்டுவதே அந்த மூக்குதான்.

இனி குறைகள். இறக்கைத் துணியைக் கோணிச்சாக்கு மாதிரி சொரசொரப்பாகச் செய்திருக்கிறார்கள். அசலில் அது லினன் துணி. மேலே ‘டோப்’ அடித்ததும் மேளத் தோல் மாதிரி இறுகிவிடும். (டோப் என்றால் இங்கே போதை மருந்து இல்லை. துணியை இறுக்கும் செல்லுலோஸ் பூச்சு.) 72-ல் ஒரு பங்கு அளவில் நெசவு கண்ணுக்கே தெரியக் கூடாது. ஈர உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்துச் சமாளித்தேன். மேல் இறக்கையில் நிற்கும் லூயிஸ் துப்பாக்கி உலக்கை மாதிரி இருக்கிறது.

இறக்கைகளை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் பற்றி வழிகாட்டித் தாளில் பேச்சே இல்லை. கம்பி இல்லாத இரட்டை இறக்கை விமானம் கொடி கட்டாத மொட்டைமாடி மாதிரி. பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவர்த்தி மேல் காட்டி, இளகும்போது இரண்டு பக்கமும் இழுத்தால் முடி மாதிரி நூல் வரும். பழைய ஆட்கள் செய்யும் வித்தை இது. பத்து இழுத்தால் மூன்று தேறும். மேல் இறக்கையை நேராக உட்கார வைக்க இரண்டு பக்கமும் தீப்பெட்டிகளை அடுக்கி முட்டுக் கொடுத்து, ஒரு ராத்திரி காய விட்டேன்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு உண்மையில் சண்டை வந்தது கலரில்.

தாளில் போட்டிருப்பது: மேற்பக்கம் முழுக்க ‘கரும்பச்சை’. ஒரே வார்த்தை, ஒரு பெயிண்ட் எண், அவ்வளவுதான். ஆனால் அந்த விமானத்தின் மேல் பூசியதற்கு பி.சி.10 என்று பெயர். மாடல் கட்டுகிறவர்கள் பல வருடமாக அடித்துக்கொள்ளும் விஷயம் இது. ஒரு கட்சி பச்சை என்கிறது, இன்னொரு கட்சி சாக்லெட் பழுப்பு என்கிறது. இரண்டு தரப்பும் தேடுவது ஒரே ஒரு சரியான எண்ணை.

அதன் செய்முறையைப் படித்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. பி.சி.10-ல் பச்சை நிறமியே கிடையாது. இரும்பு ஆக்சைடு சேர்ந்த மஞ்சக் காவி, கூடக் கொஞ்சம் விளக்குக் கரி. நிறமி என்று பார்த்தால் அவ்வளவுதான். பூசியதன் முக்கியக் காரணமும் ஒளிந்துகொள்வது மட்டுமில்லை. வெயிலின் புற ஊதாக் கதிர் லினன் துணியை மக்க வைத்துவிடும். அதைத் தடுக்கத்தான் இந்தக் கவசம். வெயில் அதிகமான நாடுகளுக்கு பி.சி.12 என்று செம்பழுப்பில் தனியாகவே ஒன்று வைத்திருந்தார்கள்.

அதனால்தான் அந்த ஐம்பது கிராம். கரி வாங்க வேண்டியிருக்கவில்லை. கண்மை எடுக்கிற மாதிரி, அகல் விளக்கின் மேல் பித்தளைத் தட்டைக் கவிழ்த்து வீட்டிலேயே எடுத்தேன். இரண்டையும் கலந்தால் மஞ்சளும் கறுப்பும் சேர்ந்து கண்ணெதிரே ஆலிவ் பச்சை ஆகிறது. தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் நேரில் பார்க்கும்போது ஆச்சரியமாக இருந்தது.

அதே பொடியை இரண்டாகப் பிரித்தேன். ஒன்றைத் தெளிந்த லாக்கரில் குழைத்தேன், இன்னொன்றை ஆளிவிதை எண்ணெயில். பிளாஸ்டிக் அட்டையில் தடவிக் காய வைத்தேன். லாக்கர் பக்கம் பச்சை. எண்ணெய்ப் பக்கம் காய்ந்தபோது பழுப்பு. கரியை ஒரு சிட்டிகை கூட்டினாலும் குறைத்தாலும் நிறம் நகர்கிறது. இது ஆய்வுக்கூடச் சோதனை இல்லை, சமையல்கட்டுச் சோதனைதான். ஆனால் எனக்கு ஒன்று புரிந்தது. பல தொழிற்சாலைகளில், வேறு வேறு வார்னிஷில், வேறு வேறு கை குழைத்த பூச்சு அது. 5,000-க்கும் மேற்பட்ட எஸ்.இ.5ஏ-க்கள் கட்டப்பட்டன. எல்லாம் ஒரே நிறத்தில் வந்திருக்க வழியில்லை. வெயில் பட்டு, மழை பட்டு அதுவும் மாறியிருக்கும். ரசத்துக்குப் பக்குவம் சொல்லலாம், கலர் நம்பர் சொல்ல முடியுமா? கிட் தாளின் தப்பு ‘பச்சை’ என்று சொன்னது இல்லை. ஒரு செய்முறையை ஒரு எண்ணாகச் சுருக்கியதுதான்.

அடுத்தது பெயர். பெட்டியில் வந்த ஒட்டுப் படங்கள் ஒரு பிரபல பிரிட்டிஷ் வீரரின் விமானத்துக்கானவை. அதை விட்டுவிட்டு இந்திரலால் ராய் பெயரில் கட்டலாம் என்று முடிவு செய்தேன். 1898-ல் கல்கத்தாவில் பிறந்தவர். 40-வது ஸ்குவாட்ரனில் எஸ்.இ.5ஏ ஓட்டி, 1918 ஜூலையில் இரண்டு வாரத்துக்குள் 10 வெற்றிகள் கணக்கில் ஏறின. அதே ஜூலை 22 அன்று பிரான்ஸில் சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தார். வயது 19. பிறகு டி.எஃப்.சி. விருது. 1998-ல் நம் தபால் துறை ஸ்டாம்ப் வெளியிட்டது. வெள்ளைக்காரர் பெயரை எடுத்துவிட்டு நம்ம ஆள் பெயரைப் போட்டதில் எனக்கு ஒரு பெருமைதான், ஒத்துக்கொள்கிறேன்.

அந்தப் பெருமை கொஞ்சம் இறங்கியது காவிப் பொட்டலத்தோடு திரும்பி வந்த அன்றைக்கு. காந்தி மார்க்கெட் பக்கத்திலேயே முதல் உலகப்போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. திருச்சிக்காரர்கள் பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் தாண்டிப் போகிற இடம். நானும் அப்படித்தான் வருடக்கணக்காகத் தாண்டினேன். அதன் கல்வெட்டின் சாரம் இரண்டு எண்கள்: இங்கிருந்து போனவர்கள் இத்தனை பேர், உயிர் விட்டவர்கள் இத்தனை பேர். அந்தப் போருக்காக 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்தார்கள், 74,000-க்கும் மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் சிப்பாய்கள், கோவேறு கழுதை ஓட்டியவர்கள், மூட்டை சுமந்தவர்கள். விமானியாகப் போனவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

நான் மூன்று வாரம் மல்லுக்கட்டிய அந்தப் பூச்சுக்குப் பின்னாலும் ஆட்கள் இருந்தார்கள். பிரிட்டிஷ் தொழிற்சாலைகளில் லினன் தைத்ததும் டோப் அடித்ததும் பெரும்பாலும் பெண்கள். போரின் முதல் வருடங்களில் டோப்பில் கலந்திருந்த டெட்ராகுளோரோஈத்தேன் ஆவியால் அவர்களுக்குக் கல்லீரல் கெட்டு மஞ்சள் காமாலை வந்தது, சிலர் இறந்தார்கள். 1916 வாக்கில்தான் அந்தக் கரைப்பானை மாற்றினார்கள். எஸ்.இ.5ஏ அதற்கு அடுத்த வருடம் களத்துக்கு வந்தது.

மாடல் கட்டும்போது நாம் கேட்கும் முதல் கேள்வி ‘இது யாருடைய விமானம்?’ என்பதுதான். பதில் எப்போதும் ஒரு விமானியின் பெயர். பெட்டிப் படத்திலும் ஆகாயச் சண்டை மட்டும்தான். ராய் பெயரைப் போட்டபோது நானும் அந்தக் கேள்வியை மாற்றவில்லை, பதிலை மட்டும்தான் மாற்றினேன்.

விமானத்தை ராய் பெயரிலேயே முடித்துவிட்டேன், அவருக்கு அது தகும். மேற்பக்கம் மட்டும் ஒரே நிறமாக இல்லை. இறக்கையில் பச்சைக் கலவை, உடம்பில் கொஞ்சம் பழுப்பு ஏறிய கலவை. பார்த்த நண்பர் “பெயிண்ட் தீர்ந்துபோச்சா?” என்று கேட்டார். இல்லை, அது வேணும்னு செய்ததுதான்.

கிட் கிடைத்தால் வாங்கலாம். உப்புத்தாளும் பொறுமையும் வேணும், தாளில் போட்ட கலர் எண் வேண்டாம். கலவைக்கு என் கணக்கு: காவி முப்பது பங்கு, கரி ஒரு பங்கு, அங்கிருந்து கண் அளவு. என்னிடம் இன்னும் நாற்பது கிராமுக்கு மேல் காவி மிச்சம் இருக்கிறது. திருச்சியில் யாராவது கட்டுவதாக இருந்தால் சொல்லுங்கள், தருகிறேன்.