கிள்ளான் சதுப்பும் மேட்டுநில ஓடையும்

அறிவியல் கொள்கைகள் காலந்தோறும் மாறுகின்றன. ஆதலின் அவற்றை நம்புவதற்கில்லை என்னும் கூற்று நம் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கிறது. இதனைச் சோதித்துப் பார்க்க மேல்நாட்டுக் கதைகளைத் தேட வேண்டுவதில்லை. கம்போங் மேடான் மாணாக்கருக்குக் கிள்ளான் தொலைவான ஊரன்று. அங்கு அரசு மருத்துவராகப் பணியாற்றிய மால்கம் வாட்சன், மலாய்க் கூட்டு மாநிலங்களின் மலேரியாத் தடுப்பைப் பற்றி 1911இல் வெளியிட்டு 1921இல் விரித்தெழுதிய ஆங்கில நூலே போதும்.

சதுப்பிலிருந்து எழும் தீய காற்றே காய்ச்சலைத் தருகிறது என்பது பழங்கொள்கை. மலேரியா என்னும் சொல்லின் பொருளும் அதுவே. இதனை மூடநம்பிக்கை எனத் தள்ளிவிடுதல் எளிது. எனினும், சதுப்புக்கும் காய்ச்சலுக்கும் உறவுண்டு என்பதை அக்கொள்கை சரியாகவே கண்டிருந்தது. உறவின் தன்மையைத்தான் தவறாகக் கொண்டது. 1897இல் சிக்கந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் கிருமியைக் கண்டார். 1901இல் கிள்ளானுக்கு வந்த வாட்சன் அவ்வழி நின்று காட்டை வெட்டுவித்தார், சதுப்பை வடிப்பித்தார். கிள்ளானிலும், இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் 1901இல் காய்ச்சலுக்கு இரையானோர் 368 பேர். மறு ஆண்டில் 59 பேர்.

நூலின் உயிர்நிலை இவ்வெற்றியிலன்று, பின்வந்த தோல்வியிலே உள்ளது. கரையோரத்தில் பயன் தந்த அதே முறை மேட்டுநில ரப்பர்த் தோட்டங்களில் பொய்த்தது. கரையோரத்தின் அம்ப்ரோசஸ் கொசு, காட்டு நிழலில் தேங்கிய நீரை நாடுவது. மேட்டுநிலத்து மாக்குலாட்டஸ் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடையில் பெருகுவது. காட்டை அழித்து நீரோட்டத்தைத் திறந்துவிட்டவர்கள் அதற்குத் தொட்டில் கட்டித் தந்தார்கள்! பின்னரே நிலத்தடிக் குழாய்களும் எண்ணெய் தெளிப்பும் வந்தன. இங்கு ராஸின் கொள்கை வீழ்ந்துவிடவில்லை. கொசு என்னும் விடை, எந்தக் கொசு என்னும் வினாவாகக் கூர்மை பெற்றது. கிள்ளான் வடிகாலும் பிழையாகிவிடவில்லை. அது செல்லுபடியாகும் எல்லை தெரிந்தது.

இத்திருத்தத்திற்கு விலை கொடுத்தவர் யாவர்? தோட்டந்தோறும் இறப்பு விகிதமும், மண்ணீரல் வீங்கிய சிறுவர் தொகையும் நூலில் அட்டவணைகளாக நிற்கின்றன. அவற்றுள் பெரும்பகுதி தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் மக்களுமே. எண்ணாக வந்தோர் பெயராக வரவில்லை என்பது நூலின் பெருங்குறை. ஆனால், அவ்வாறு எண்ணியிராவிடில் மேட்டுநிலத்துத் தவறு வெளிப்பட்டே இராது என்பதையும் ஒப்ப வேண்டும். ‘இறைவன் விட்ட வழி’ என்று அமைந்திருந்தால் ஓடைக்கரைக் குடியிருப்புகளில் சாவு தொடர்ந்திருக்கும்.

வாட்சனும் முடிந்த முடிபு கண்டவரல்லர். குரங்குகளின் மலேரியாக் கிருமியான நோலெசி இயற்கையாகவே மனிதரைப் பற்றும் என்பது 1965இல் பகாங்கில் அறியப்பட்டது. அதனை அரிய நிகழ்ச்சியென்றே பலரும் கருதினர். 2004இல் பல்பீர் சிங் குழுவினர் வெளியிட்ட சரவாக் காப்பிட் வட்டார ஆய்வு, அஃது அரிதன்று எனக் காட்டியது. அதுவரை நுண்ணோக்கியில் வேறொரு மலேரியாக் கிருமியாகத் தோன்றி ஏமாற்றியதை, மரபணுச் சோதனை பிரித்துக் காட்டியது. இதனைப் பரப்புவன காட்டுக் கொசுக்கள். வாட்சனின் வடிகால் அங்கு எட்டாது.