காசு, பிறப்பு, லீப்ர்

பிரெஞ்சுக் கவிதை பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் 'ஸிலபிள்' வரும் இடத்தில் யோசிக்காமல் 'அசை' என்று போட்டுவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஜவ்வாது மலையடிவாரத்தில் நான் வங்கிக் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டும் ஊரையே எடுத்துக்கொள்ளலாம். தி-ருப்-பத்-தூர்: ஸிலபிள் நான்கு. திருப்-பத்-தூர்: நிரை நேர் நேர், அசை மூன்று, புளிமாங்காய். குறில் இரண்டைச் சேர்த்து ஒன்றாக எண்ணும் வழக்கம் பிரெஞ்சில் கிடையாது; குறில் நெடில் பாராமல் உயிரொலியை எண்ணுகிறார்கள். போதலேர் அதிகம் கையாண்ட அலெக்ஸாந்திரன் அடிக்கு 12, ஆறாவதில் ஒரு நிறுத்தம். நம்மிடம் இதற்கு நெருக்கமானது கட்டளைக்கலித்துறைதான். ஒற்று நீக்கி, நேரில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையில் தொடங்கினால் 17. அபிராமி அந்தாதியை விரல்விட்டு எண்ணிப் படித்தவனுக்கு அலெக்ஸாந்திரன் புதிதல்ல.

'வெர்ஸ் லிப்ரே' என்று அச்சிடுகிறார்கள். அது 'வேர் லீப்ர்'. கடைசி 'எ' பேச்சில் அநேகமாக ஒலிப்பதில்லை. மரபுச் செய்யுளில் விஷயம் வேறு. அடிக்குள் அடுத்த சொல் மெய்யில் தொடங்கினால் அது ஒரு ஸிலபிள். உயிரில் தொடங்கினால் கெடும். அடியீற்றில் நின்றால் கணக்கில் இல்லை. குற்றியலுகரம் தெரிந்தவனுக்கு இதை விளக்கவா வேண்டும்? அங்கும் உயிர் வந்தால் உகரம் கெடுகிறது. வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர் என்று ஓரசையில் முடிய வேண்டும். ஆனால் காசு, பிறப்பு என்று ஓர் உகரம் ஒட்டிக்கொண்டு நிற்கலாம். தொல்காப்பியர் இவற்றை நேர்பு, நிரைபு என்று தனி அசைகளாகவே வைத்தார். பின்வந்தவர்கள் கைவிட்டார்கள், நஷ்டம் என்றே எனக்குப் படுகிறது.

அழுத்தம்தான் பெரிய குழப்பம். ஆங்கிலம் படித்தவர்கள் (நான் பி.ஏ. வாங்கியதும் அதில்தான்) சொல்லுக்குச் சொல் அழுத்தம் தேடுகிறார்கள். பிரெஞ்சில் அது சொற்றொடரின் கடைசி ஸிலபிளில் விழும். 'திருப்பத்தூர்' தனித்து நின்றால் பிரெஞ்சுக்காரன் 'தூர்' மீது அழுத்துவான். பின்னால் இன்னொரு சொல் சேர்ந்தால் அழுத்தமும் அங்கே போய்விடும். ஆக அவர்கள் கவிதையின் கனம் அடியின் ஈற்றில், இயைபில். நமக்கு எதுகையும் மோனையும் கனத்தை முன்னால் வைத்துவிட்டன. மொழிபெயர்ப்பவன் முக்கியமான சொல்லை ஈற்றுக்குக் கொண்டுபோகப் பார்த்தால் அங்கே வினைமுற்று உட்கார்ந்திருக்கிறது. ப்ரெவெரைத் தமிழாக்கிய வெ. ஸ்ரீராமின் 'சொற்கள்' (2000) தொகுப்பை இந்தச் சிக்கலை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும். சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டு மார்க் போடுவது வெட்டிவேலை.

1886இல் 'லா வோக்' இதழில் குஸ்தாவ் கான் போன்றவர்கள் உதறியது இந்த எண்ணிக்கையை. புதுக்கவிதை உதறியது சீரையும் தளையையும். பிச்சமூர்த்திக்குத் தூண்டுதல் விட்மன், பாரிஸ் அல்ல. பிறகும் நம் விமர்சகர்கள் 'வெர்ஸ் லிப்ரே'யைச் சான்றுக்கு இழுக்கிறார்கள், அந்த 'ரே'யை நன்றாக அழுத்தி.