ஒரு சொல், மூன்று பொருள்

மரபணு என்னும் சொல் நம் எழுத்தில் வேரூன்றிவிட்டது, மகிழ்ச்சியே. ஆயினும் அச்சொல் இன்று அளவுக்கு மீறிய பாரத்தைச் சுமக்கிறது. ஜீனும் மரபணு; டிஎன்ஏவும் மரபணு; ஜீனோமும் மரபணு. இது பொருந்துமா?

மாந்தனின் ஜீனோம் ஏறத்தாழ 300 கோடி எழுத்திணைகள் கொண்ட நெடுநூல். டிஎன்ஏ அந்நூல் எழுதப்பெற்ற ஏடு. புரதம் ஆக்கும் ஜீன்கள் அதனுள் ஏறத்தாழ 20,000 பகுதிகளே. நூலையும் ஏட்டையும் பாட்டையும் ஒரே பெயரால் அழைப்பார் உண்டோ?

வெறும் சொற்போர் என்று இதனை ஒதுக்கலாகாது. மருத்துவத்தில் இத்துறையை நாடும் மாணவர் இக்குழப்பத்தால் வழி தடுமாறுவர். குடும்ப நோய் வரலாற்றைக் கேட்டுச் சோதனை முடிவை விளக்குபவர் மரபியல் ஆலோசகர். ஆய்வுக்கூடத்தில் டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் படித்தெடுப்பவர் வேறொருவர். அவ்வரிசையைக் கணினியில் ஒப்பிட்டு நோய்க்குரிய மாற்றத்தைத் தேடுபவர் உயிர்த் தகவலியலார். அவர்க்கு உயிரியலோடு புள்ளியியலும் நிரலாக்கமும் வேண்டும். மூவரையும் 'மரபணுத் துறையினர்' என்று ஒரே கூடையில் இட்டால், கணக்கில் வல்ல மாணவன் தனக்கு அங்கு இடமில்லை என்றே எண்ணுவான்.

2019ஆம் ஆண்டில் வெளிவந்த சிங்கப்பூர் ஆய்வொன்று, சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகியோருள் 4,810 பேரின் ஜீனோமை ஆராய்ந்தது. அதனை விளக்கும் தமிழ் நம்மிடம் வேண்டாவா?

ஜீனுக்கு மரபணு நிற்கட்டும். டிஎன்ஏ அவ்வாறே இருக்கட்டும். ஜீனோமை மரபுத்தொகை எனலாம். மரபணுத்தொகை என்பது பிழை. ஏனெனில் அத்தொகையில் பெரும்பகுதி மரபணு அன்று. ஆசிரியப் பெருமக்கள் இவ்வேறுபாட்டை வகுப்பில் நிலைநாட்டுவார்களாக.