ஐந்து கட்டையும் அறுபது ஹெர்ட்ஸும்

சென்னை வீட்டுக் கணினியில் பதிந்த ஐந்து கட்டை சுருதிப் பாட்டில் தம்பூரா ஏன் சற்றுக் கலங்கினாற்போல் கேட்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? பாடுகிறவர் மேலும் தம்பூராவின் மேலும் பழி போடுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பதிவுக்குள் கசிந்தால் அதுவும் அதன் மடங்குகளும் ‘ஹம்’ என்ற ஊங்காரமாகக் கேட்கும். அதன் நான்காம் மடங்கு 200. ஐந்து கட்டை சட்ஜம் 196. இரண்டும் ஒன்றாக ஒலித்தால் நொடிக்கு நான்கு அலைப்பு வரும். முழுக்கச் சேராத தந்தியை மீட்டும்போது காதில் உரசுமே, அதேதான்.

டெக்சஸில் நான் இருக்கும் சுகர் லேண்டுக்கு வந்தால் கதை மாறுகிறது. இங்கே 60 ஹெர்ட்ஸ். ஆறரைக் கட்டைக்கும் ஏழு கட்டைக்கும் நட்டநடுவில், ஒரு பக்கமும் சாயாமல் உட்கார்ந்திருக்கிறது அந்த ஸ்வரம். 120-ம் அப்படியே. 180 நாலுக்கும் நாலரைக்கும் நடுவில். கட்டையோ அரைக்கட்டையோ வைத்துப் பாடுகிற யாருடைய சட்ஜத்திலும் ஒட்டாமல் தனியாக நிற்கும் இந்த ஹம்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சுருதிக்குள் ஒளிந்துகொள்ளாத குற்றவாளி. பதிவைக் கேட்ட மாத்திரத்தில் ‘இதோ இருக்கிறேன்’ என்று கையைத் தூக்கிவிடும். ஒரு விலக்கு உண்டு: 300. ஐம்பதின் ஆறாம் மடங்கு, அறுபதின் ஐந்தாம் மடங்கு என்று இரண்டு ஊருக்கும் பொதுவான எண் அது. ஐந்து கட்டையின் பஞ்சமம் 294-க்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. அதன் விஷமத்தைப் பிறகு சொல்கிறேன்.

மதர்போர்டிலேயே இருக்கும் ஆன்போர்டு சவுண்டில் மைக் சரியில்லை என்று என்னைக் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் முதலில் பாட்டைப் போட்டுக் காட்டுகிறார்கள். எனக்கு வேண்டியது பாட்டுக்கு முன்னால் இருக்கிற மௌனம். யாரும் பேசாமல் அரை நிமிஷம் பதிந்து, ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டால், கோளாறு தன் பெயரைத் தானே சொல்லிவிடும். தாழ்ந்த ஊங்காரம் கேட்டால் லேப்டாப்பின் மூன்று முள் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பாட்டரியில் ஓடும்போது ஊங்காரம் நின்றுபோனால் எர்த் வழியாக வந்த விருந்தாளி அது. ‘ஸ்ஸ்ஸ்’ என்று மழை மாதிரி கொட்டினால் மைக் பூஸ்ட் முழுக்க ஏறியிருக்கிறது என்று பொருள். மௌஸை அசைக்கும்போதெல்லாம் மெல்லிய கீச்சுக்குரல் ஒன்று கூடவே நகர்ந்தால், கணினிக்குள்ளேயே ஓடுகிற மின்சாரச் சலசலப்பு மைக் பாதைக்குள் கசிகிறது. பெட்டியின் முன்பக்க ஜாக்கில் செருகியிருப்பீர்கள். அதற்குப் போகும் ஒல்லிக் கம்பி கிராஃபிக்ஸ் கார்டையும் விசிறியையும் உரசிக்கொண்டு போகிறது. பின்பக்க ஜாக்குக்கு மாற்றினாலே பாதி குறையும். ஒன்றுமே கேட்காமல் சுத்த சூன்யமாக இருந்தால் அது ஒலியின் கோளாறே இல்லை. விண்டோஸ் வேறு ஏதோ மைக்கைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறது, அல்லது தனியுரிமைப் பக்கத்தில் மைக் அனுமதி அணைந்து கிடக்கிறது.

பதிந்த பாட்டு முழுவதுமே ஐந்திலிருந்து வழுக்கி நாலுக்கும் நாலரைக்கும் நடுவில் போய், காலப்பிரமாணமும் தொய்ந்திருந்தால்? 48,000-ல் பதிந்ததை 44,100 என்று நினைத்து ஏதோ ஒரு மென்பொருள் வாசிக்கிறது. கிட்டத்தட்ட ஒன்றரை அரைக்கட்டை இறங்கும். சுருதி ஞானம் இருக்கிறவருக்கு இதற்கு எந்த மீட்டரும் வேண்டாம்.

யு.எஸ்.பி. மைக் கட்சிக்காரர்களோடு எனக்குச் சண்டை கிடையாது. ஒலியை எண்ணாக மாற்றும் வேலையைக் கணினிப் பெட்டிக்கு வெளியே கொண்டுபோனால் உள்ளிருக்கும் சலசலப்பு ஒட்டாது என்கிறார்கள். நியாயம். ஆனால் அந்த விலையுயர்ந்த மைக்கைக் கொண்டுபோய் எங்கே வைக்கிறார்கள்? எங்கள் ஊர் வீடுகளின் இரண்டு மாடி உயர வரவேற்பறையில், மார்பிள் தரையில், ஏ.சி.யின் காற்றிழுக்கும் கிரில்லுக்கு நேர் எதிரே. ஆகஸ்டில் ஏ.சி.யை நிறுத்தச் சொன்னால் வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். அதற்குப் பதில் துணி அலமாரி அறைக்குள், புடவைகளுக்கு நடுவில், வாய்க்கு ஒரு சாண் தள்ளி ஒரு சின்ன எலக்ட்ரெட் மைக்கைக் குத்தி, பின்பக்கப் பிங்க் ஜாக்கில் செருகிப் பாருங்கள். அந்த ஒரு சாண் செய்கிற வேலையை எந்தக் கருவியும் செய்யாது.

எலக்ட்ரெட் மைக் எங்கள் ஊர்ச் சரக்கு என்று நியூஜெர்சி நண்பர்கள் உரிமை கொண்டாடுவார்கள். 1962-ல் ஜேம்ஸ் வெஸ்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் அங்கே மரே ஹில்லில் இருந்த பெல் லேப்ஸில்தான் அதை உருவாக்கினார்கள். கம்பி வழியாகவே இரண்டு மூன்று வோல்ட் கொடுத்தால் போதும், பேசும். அந்தச் சொற்ப வோல்ட்டைப் பிங்க் ஜாக் தானே கொடுக்கிறது. இரண்டும் ஒன்றுக்காக ஒன்று பிறந்தவை. கச்சேரி மேடையிலிருந்து டைனமிக் மைக்கைக் கொண்டுவந்து, ஒரு அடாப்டரை மாட்டி அதே ஜாக்கில் திணிக்கிறவர்களைப் பார்த்தால்தான் வருத்தம். அந்த மைக்கின் சிக்னல் சன்னமானது. அது கேட்க வேண்டும் என்று பூஸ்ட்டை 30 டெசிபலுக்கு ஏற்றுவார்கள். குரலோடு மழையும் ஏறும். பிறகு மதர்போர்டைத் திட்டுவார்கள். பத்து டெசிபல் பூஸ்ட்டில் ஒரு நல்ல எலக்ட்ரெட் எவ்வளவு அமைதியாக இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

இப்போது பெரும்பாலான லேப்டாப்களில் பிங்க் ஜாக்கே கிடையாது. நான்கு இணைப்புகள் கொண்ட ஒற்றை ஓட்டை, அதற்குள் ஹெட்போனும் மைக்கும் கூட்டுக் குடித்தனம். அதையாவது பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது, கேட்காமலே உள்ளே நுழைந்து உட்கார்ந்திருக்கும் ‘மேம்பாடுகள்’. இரைச்சல் நீக்கம், எதிரொலி நீக்கம், தானாகச் சத்தத்தை ஏற்றி இறக்குவது என்று மூன்று பேர். இவர்களை எழுதியவர்கள் அலுவலகக் கூட்டத்தை மனத்தில் வைத்து எழுதினார்கள். மாறாமல் ஒரே சீராக ஒலிப்பது எல்லாம் விசிறிச் சத்தம், நறுக்கென்று மாறுவது எல்லாம் பேச்சு. நம் சங்கீதத்தில் மாறாமல் ஒரே சீராக ஒலிப்பது எது?

சனிக்கிழமை ராத்திரி எட்டு மணி, கோடையானால் சென்னையில் ஞாயிறு காலை ஆறரை. ஜூம் பாட்டு வகுப்பு. இந்தப் பக்கம் ஒரு குழந்தை, அந்தப் பக்கம் டீச்சர்.

“தம்பூரா கேக்கலையேம்மா, போட்டிருக்கியா?”

“போட்டிருக்கேன் டீச்சர், பக்கத்துலதான் இருக்கு.”

“எனக்கு வரலையே. சரி, நீ ஸா பிடி.”

குழந்தை பிடிக்கிறாள். முதல் இரண்டு மூன்று நொடி அழகாக நிற்கிறது. அதற்குப் பிறகு நீண்ட கார்வையையும் விசிறிக் கணக்கில் சேர்த்துவிடுகிறது மென்பொருள். குரல் கரைந்து காணாமல் போகிறது. டீச்சர் “மூச்சு பத்தலை, இன்னும் நீட்டு” என்கிறார். குழந்தை இங்கே நீட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். கார்வையைக் குற்றமாக எண்ணுகிற ஒரு சாதனத்துக்கு முன்னால் எத்தனை பிள்ளைகள் பாட்டு கற்றிருப்பார்கள்! ஜூமில் அசல் ஒலிக்கென்று ஒரு தேர்வு இருப்பது எவ்வளவோ புண்ணியம். ஆனால் அதைப் போட்ட பிறகும் விண்டோஸின் மைக் பண்புகளில் ‘மேம்பாடுகள்’ பக்கத்துக்குப் போய் ஒவ்வொரு கட்டத்தையும் காலி செய்ய வேண்டும். ஒரு காவலன் போனால் இன்னொருவன் வாசலில் நிற்கிறான்.

தானியங்கிச் சத்த ஏற்றத்தைப் பற்றித் தனியாகவே ஒரு புலம்பல் எழுதலாம். பாடகர் ஆலாபனையில் ஒரு பிடியை முடித்து மௌனமாகிற இடம்தான் ரசிகருக்குச் சொர்க்கம். சரியாக அந்த இடத்தில், குரல் ஓய்ந்த மறுகணம், சமையலறை ஃபிரிட்ஜ் மெல்ல மெல்ல எழுந்து முன்வரிசைக்கு வந்து உட்காரும். அந்தக் காலத்து டூ-இன்-ஒன் டேப்ரிக்கார்டரிலும் இதே வியாதி உண்டு. ஆனால் அதில் பதிந்த பழைய கேசட்டுகளில் அடுத்த அறையின் பாத்திரச் சத்தம் எழும்பும்போது ஒரு வீடு கேட்கும். ஃபிரிட்ஜில் எனக்கு எந்த வீடும் கேட்பதில்லை. இது நியாயமான வாதம் இல்லை என்று சொல்வீர்கள். ரசனையில் நியாயம் பார்த்தால் எழுத எதுவும் மிஞ்சாது.

எதையும் பதிந்துவிட்டு ‘அப்புறம் ஆடாசிட்டியில் சுத்தம் பண்ணிக்கலாம்’ என்கிற புதிய தலைமுறை வழக்கம் ஒன்று இருக்கிறது. அந்த ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஹம்மின் எல்லா மடங்குகளிலும் வரிசையாக வெட்டு போடுகிறார்கள். இங்கேதான் 300-ன் விஷமம். ஐந்து கட்டையில் தோடி பாடுகிறவரின் தைவதம் பஞ்சமத்தின் விளிம்பிலிருந்து எழும்பி ஆடும்போது, ஒவ்வொரு ஆட்டத்திலும் 300-ஐக் கடந்துதான் போக வேண்டும். அங்கே ஒரு பள்ளத்தை வெட்டி வைத்தால் கமகம் ஒவ்வொரு முறையும் அதில் இடறும். கேட்கிறவருக்கு என்ன குறைந்தது என்று சொல்லத் தெரியாது, ‘தோடி சப்பென்று இருக்கிறது’ என்பார்.

வெட்டியே தீர வேண்டுமென்றால் 60-லும் 120-லும் மட்டும் வெட்டுங்கள். ஐந்து கட்டைப் பெண்குரலின் மந்த்ர பஞ்சமம்கூட 147-லேயே நின்றுவிடுகிறது, அதற்குக் கீழே அவருக்கு நஷ்டமில்லை. 180-ல் கை வைக்காதீர்கள், இரண்டு நிஷாதங்களுக்கும் நடுவில் விழும். ஆண்குரலுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஒரு கட்டையில் பாடுகிறவருக்கு 120-லேயே அந்த நிஷாதங்கள் வந்துவிடுகின்றன. அவர் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பாட்டரியில் பாடட்டும்.