சாதியற்றவர்கள் என்றொரு பெயர்

எங்கள் பெரிய மாமா, நான் பிறப்பதற்கு முன்பே பறையைப் பரணில் போட்டுவிட்டவர். ஊர்த்தெருச் சாவுக்கு இனி அடிக்க மாட்டேன்னு சொன்னதோடு சரி. 1978இல் விழுப்புரத்தில் தலித்துகள் 12 பேர் கொல்லப்பட்ட வட்டாரம் இது. காரணத்தை யாரும் அவரிடம் கேட்கவில்லை. 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறியதை விக்கிரவாண்டியில் உட்கார்ந்து செல்போனில் அவருக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏன்டா, இவங்களுக்குக் காசு குடுத்தாங்களா, கஞ்சி ஊத்தி அனுப்பிட்டாங்களா?"

இந்தக் குழு குறித்து எழுதப்பட்ட எதிலும் இந்தக் கேள்வி இல்லை.

பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கியது இது. அயோத்திதாசரின் 'சாதிபேதமற்ற' என்கிற சொல்லாடலிலிருந்து பெயர். கானா, ராப், ராக் எல்லாம் கலந்தது என்பார்கள். கலப்பு என்ற சொல்லில்தான் எனக்குச் சந்தேகம். சபாக்களின் 'ஃப்யூஷ'னில் நாட்டார் தோல்கருவி ஊறுகாய் மாதிரி ஓரத்தில் இருக்கும். இங்கே தலைகீழ். சாவு வீட்டுச் சட்டியும் கட்டமோளமும் தாளத்தைத் தீர்மானிக்கின்றன. கிதார் அதன் பின்னால் ஓடிவருகிறது. தீட்டுப்பட்ட ஓசை தன்னைச் சுத்தப்படுத்திக்கொள்ளாமலே மையத்துக்கு வந்துவிடுகிறது. இடஒதுக்கீடு பற்றிய 'கோட்டா' பாட்டையும் மாட்டுக்கறிப் பாட்டையும் கோஷம் என்று ஒதுக்குபவர்கள் காதைப் பொத்திக்கொண்டு வரிகளை மட்டும் படிப்பவர்கள். (சில பாட்டுகள் கோஷம்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.)

லண்டனில் 1979இல் 'இன்காக்னிட்டோ' என்றொரு ஜாஸ்-ஃபங்க் குழு தொடங்கியது. அதை நடத்திவருபவர் மொரீஷியஸில் பிறந்த ப்ளூயி மௌனிக். முதல் தொகுப்பு 1981இல் வந்தது, பிரிக்ஸ்டனில் கறுப்பின இளைஞர்கள் போலீசோடு மோதிய அதே ஆண்டு. அடுத்தது 1991இல். பாடகர்கள் வருவார்கள், போவார்கள், பெயர் நிற்கும். பெயருக்கு அர்த்தமே அடையாளம் மறைத்தவர் என்பதுதான். அங்கே அடையாளத்தை மறைத்து ஆடவைத்தார்கள். நம்மவர்களோ சாதியற்றவர்கள் என்று பெயர் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாட்டிலும் சாதியைப் பேசுகிறார்கள். முரண் மாதிரித் தெரியும். ஆனால் 'எனக்குச் சாதியே தெரியாது' என்று சொல்லும் சொகுசு யாருக்கு வாய்த்திருக்கிறது? காலனிக்காரன் அதைச் சொல்வதற்குள் ஊர் அவனுக்கு ஞாபகப்படுத்திவிடும்.

சிக்கல் 'கலெக்டிவ்' என்ற பின்பாதியில் இருக்கிறது. கூட்டு என்பது மேடையில் சரி. பெயரும் காசும் தனித்தனி ஆளுக்குத்தான் போகின்றன. இந்தக் குழுவின் வழியே தெரியவந்த அறிவு 2021 மார்ச்சில் தீயோடு பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' உலகம் சுற்றியது. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. இரஞ்சித் கேள்வி எழுப்பிய பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. இது கலெக்டிவின் பாட்டு இல்லைதான். ஆனால் மாமா கேட்டதும் இதைத்தானே?

இசைவாணி விஷயம் வேறு மாதிரி. ஆண்களின் கோட்டையான கானாவில் நுழைந்த பெண், 2020இல் பி.பி.சி.யின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். குழுவோடு அவர் பாடிய 'ஐ ஆம் சாரி ஐயப்பா' பாட்டுக்காகப் பல ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், அவரைத் தாக்கினார்கள். பாடியது குழு, வசவும் மிரட்டலும் அவர் ஒருத்தர் பெயருக்கு வந்தன. புகழ் மட்டுமில்லை, ஆபத்தும் கூட்டாகப் பங்கிடப்படுவதில்லை.

போன மாசம் மாமாவிடம் மறுபடி அந்த வீடியோவைப் போட்டேன். கட்டமோளக்காரரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "செருப்பு போட்டுக்கிட்டு அடிக்கிறான் பாரு" என்றார்.

பறை இன்னும் பரணில்தான் இருக்கிறது.